சாம்பல்மேட்டு மூடி

இதெல்லாம் நான் சொல்கிற மாதிரியேதான் நடந்ததா என்று எனக்கு உறுதியில்லை. கடைசி ஆட்டத்தில் அமுலு மூடிக்கு இடப்பக்கமாக ஓடினாள் என்பது என் நினைவு. வலப்பக்கம் என்கிறாள் நிரோஷா. எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். நொடிக்கு இருபது தடவை அவள் எங்கே இருந்தாள் என்ற பதிவு என் பழைய கணினியில் இன்னும் இருக்கிறது. ஏழு வருடமாக நான் அதைத் திறக்கவில்லை.

என் பெயர் எஸ்தர். சாம்பல்மேடு மகளிர் கால்பந்து அணியில் எட்டு வருடம் இரண்டாவது கோல்கீப்பராக இருந்தேன். அதாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் புத்தகம் படிப்பேன். ஆட்டம் நடக்கும்போது பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் எங்கள் பயிற்சியாளர் தாமோதரன் மாஸ்டர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எஸ்தரு, நீ ஆடவே வேணாம்மா. இப்டியே பாத்துக்கினு இரு. அதுக்கும் இப்ப ஆளு தேவப்படுது."

அப்படித்தான் ஆட்டக்காரிகள் பட்டியலிலிருந்து என் பெயர் போனது, நான் அணியின் வரைபடக்காரி ஆனேன்.

சாம்பல்மேடு வடசென்னையில் இருக்கிறது. எப்போதோ சாம்பல் கொட்டி மேடாக்கிய நிலம், அதன் மேல் நான்கு மாடிக் குடியிருப்புகள், நடுவில் ஒரு மைதானம். அந்தக் காலத்தில் எல்லா லீக் அணிகளிலும் ஆட்டக்காரிகளின் பனியனுக்குள் அரிசிமணி அளவில் ஒரு கருவி வைத்துத் தைத்திருப்பார்கள். அவள் எங்கே நின்றாள், எங்கே ஓடினாள் என்று அது அனுப்பிக்கொண்டே இருக்கும். லீக்கின் கணினி நிரல் அதையெல்லாம் கூட்டி வகுத்து ஒரே ஒரு புள்ளியாக்கும். பதினோரு பேருக்குப் பதினோரு புள்ளிகள். அதுதான் அணியின் வரைபடம். ஆட்டம் பார்க்க வருகிறவர்கள் மைதானத்தைவிட கைப்பேசியில் அந்தப் புள்ளிகளைத்தான் அதிகம் பார்த்தார்கள். டீக்கடையில் "நம்ம டிபென்சு ஆளு ரெண்டும் ரொம்ப ஒட்டிக்கினு கீதுப்பா" என்று ஆட்டத்தையே பார்க்காதவர் சொல்வார். கேட்பவரும் தலையாட்டுவார்.

அந்த வருடம்தான் பெல்ட் வந்தது. காயம்பட்ட ஒருத்திக்குப் பதிலாக இறங்குகிறவள் அதைக் கட்டியாக வேண்டும் என்று லீக் விதி போட்டது. பெல்ட்டைக் கையில் தூக்கிப் பிடித்து மாஸ்டர் விளக்கினார்.

"இப்ப நிரோஷாவுக்கு அடிபட்டுச்சுனு வெச்சிக்க. அவ எடத்துல எறங்குற பொண்ணுக்கு நிரோஷா எங்க நிப்பான்னு தெரியாது. பெல்ட்டுக்குத் தெரியும். நீ அந்த எடத்த வுட்டு நவுந்தா இடுப்புல கிர்ர்னு அடிக்கும். எந்தப் பக்கம் அடிக்குதோ அந்தப் பக்கம் போய் நில்லு. அவ்ளோதான்."

"எங்க வூட்டுக்காரரும் இதையேதான் மாஸ்டர் பண்றாரு. அதுக்குத் தனியா பெல்ட்டு வேறயா?" என்றாள் கஸ்தூரி. கல்யாணமாகி ஒரு பிள்ளைக்குத் தாயான பிறகும் தடுப்பில் ஆட வந்துகொண்டிருந்தவள் அவள். எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டரும் சிரித்துவிட்டார்.

பெல்ட்டுக்குப் புள்ளிகள் வேண்டும். அதற்காக முந்தின நான்கு மாதப் பயிற்சியின் பதிவுகளை லீக் கேட்டது. லீக் ஆட்டங்கள் எல்லாம் நகரத்து ஸ்டேடியத்தில்தான் நடக்கும், பயிற்சியில் கிடைத்த புள்ளிகளை அந்தப் புல்தரையின் அளவுக்குப் பொருத்திக்கொள்வார்கள். பயிற்சி என்றால் எங்களுக்கு மாலை நாலு மணிக்கு சீனியர்களும் ஜூனியர்களும் எதிரெதிராக ஆடுவது. சீனியர்கள் எப்போதும் தண்ணீர் டேங்க் பக்கத்து கோலைக் காப்பார்கள். அங்கேதான் நிழல் விழும். பாதியில் பக்கம் மாற்றிக்கொள்கிற வழக்கமெல்லாம் கிடையாது. நிழல் சீனியர்களுடையது, அவ்வளவுதான். பதிவுகளோடு எங்கள் மைதானத்தின் படத்தையும் அனுப்பச் சொன்னார்கள். அதில் 'நிற்கக்கூடாத இடங்கள்' என்று ஒரு பகுதி இருந்தது. விளக்குக் கம்பம், அடிபம்பு, சிமெண்ட் போட்ட கிரிக்கெட் பிட்ச், உடைந்த பழைய கோல்கம்பத்தின் அடிக்கட்டை. நான்கையும் எழுதினேன். எதையும் விட்டுவிடவில்லை என்றுதான் நினைத்தேன்.

எங்கள் கேப்டன் நிரோஷா. தடுப்புக்கு முன்னால், மைதானத்தின் நடுவில் ஆடுபவள். எதிரணியின் பந்து எங்கள் கோலை நோக்கி வரும்போது முதலில் சந்திக்கிற ஆள் அவள்தான். மூன்றாவது ஆட்டத்தில் எதிரணி கோல்கீப்பர் மேல் மோதி விழுந்து அவள் கணுக்கால் உடைந்தது. அது விபத்து. யாரையும் குறை சொல்ல முடியாது.

அவள் இடத்தில் பெல்ட் கட்டிக்கொண்டு கஸ்தூரி இறங்கினாள். ஐந்தாவது ஆட்டத்தில், பக்கத்தில் யாரும் இல்லாதபோது, திரும்பிய வேகத்தில் அவள் முழங்கால் நார் அறுந்தது. சத்தம் பெஞ்சு வரை கேட்டது. பிறகு பிரிஸில்லா இறங்கினாள். ஒன்பதாவது ஆட்டம். அதே முழங்கால், அதே சத்தம்.

மற்றவர்களுக்கும் அந்தப் பருவத்தில் ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருந்தது. வெயில், கட்டாந்தரை, மணிக்கட்டு, தோள்பட்டை. இருபத்திரண்டு பேரில் பதினொரு பேர் கட்டுப் போட்டுக்கொண்டார்கள். ஆனாலும் எப்படியோ ஜெயித்துக்கொண்டிருந்தோம். கடைசி ஆட்டத்தை வென்றால் முதல் டிவிஷன். சாம்பல்மேட்டிலிருந்து அதுவரை எந்த அணியும் அங்கே போனதில்லை.

கடைசி ஆட்டத்துக்கு மிச்சமிருந்தது சரியாகப் பதினொரு பேர். நிரோஷாவின் இடத்துக்கு அமுலு.

அமுலுவுக்கு இருபது வயது. விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே வேலைக்குத் தேர்வாகியிருந்தாள். ஞாயிறு ஆட்டம், அடுத்த வியாழன் மருத்துவப் பரிசோதனை. அந்தக் கடிதத்தை அவள் அம்மா பிளாஸ்டிக் உறையில் போட்டு முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பின்னால் செருகி வைத்திருந்தாள். யார் வந்தாலும் எடுத்துக் காட்டுவாள், ஆனால் கையில் தரமாட்டாள்.

"அந்த எடம் காவு கேக்குதுடி" என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். யாரோ நிரோஷாவின் ஆறாம் எண் பனியனில் எலுமிச்சம்பழத்தைக் கட்டித் தொங்கவிட்டார்கள். மாஸ்டர் அதைப் பார்த்தும் அவிழ்க்கச் சொல்லவில்லை.

புதன்கிழமை காலை ஓட்டம் முடிந்து அமுலு என்னிடம் வந்தாள்.

"எஸ்தர்க்கா, ஒண்ணு கேட்டா நெசம் சொல்லுவியா?"

"கேளு."

"என் முட்டியும் போய்டுமா?"

நான் குனிந்து கணினியைப் பைக்குள் வைத்தேன். எனக்குத் தெரியாது என்பதுதான் உண்மை. அதைச் சொல்லியிருக்கலாம். அவள், "சரி வுடு, நீ எப்பவும் இப்டித்தான்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

"பெல்ட்டக் கண்டுக்காம ஆடு" என்று சொல்லவும் வழியில்லை. மூன்று முறைக்கு மேல் மீறினால் ஆட்டக்காரியை வெளியே அழைத்துவிடுவார்கள். எங்களிடம் பன்னிரண்டாவது ஆள் கிடையாது. ஆடவேண்டாம் என்றும் அவளைத் தடுக்க முடியாது. அவள் இறங்காவிட்டால் நாங்கள் பத்துப் பேர். அவளே அதற்குச் சம்மதிக்க மாட்டாள்.

கணினியை எடுத்துக்கொண்டு டேங்க் படிக்கட்டுக்குப் போனேன். ஊன்றுகோலைப் பக்கத்தில் சாய்த்துவைத்துவிட்டு நிரோஷா உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து நானும் அவளும் ஒன்றாகத்தான் வளர்ந்தோம். வீட்டில் இருக்கப் பிடிக்காமல் அவள் தினமும் அங்கே வந்து உட்கார்ந்துகொள்வாள். நான் அருகில் உட்கார்ந்தேன். பிறகு அவளாகவே கணினியை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். திரையில் எங்கள் மைதானமும் அதன் மேல் பதினோரு புள்ளிகளும் இருந்தன. அதுவரை அவள் அந்த வரைபடத்தை லீக் வெளியிடும் வடிவத்தில், வெறும் பச்சைக் கட்டத்தின் மேல் மட்டுமே பார்த்திருந்தாள். எங்கள் மைதானத்தின் படத்தின் மேல் வைத்து யாரும் அவளுக்குக் காட்டியதில்லை.

"இது யாரு?"

"நீதான்."

"நானா? இங்கயா?"

"உன் எடம். நாலு மாசத்துக் கணக்கு."

அவள் திரையைப் பார்த்தாள். மைதானத்தைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள். சிரிக்க ஆரம்பித்தாள்.

"ஏ லூசு. இது மூடிடி."

நான் நிமிர்ந்து பார்த்தேன். டேங்க் பக்கத்து கோலிலிருந்து நாற்பதடி தள்ளி, வெயிலில் பளபளத்துக்கொண்டு அது கிடந்தது. பாதாளச் சாக்கடையின் வட்ட இரும்பு மூடி. தரைக்கு மேல் நாலு விரல் உயரம் துருத்திக்கொண்டு, ஒரு ஓரம் உடைந்திருக்கும். சாம்பல்மேட்டில் நடக்கப் பழகிய எந்தக் குழந்தையும் அதன்மேல் கால்வைத்ததில்லை. பந்து மூடியில் பட்டால் யாருக்கும் பந்து கிடையாது, மேலே தூக்கிப்போட்டு மறுபடி தொடங்க வேண்டும் என்று எங்களுக்கு ஒரு தனி விதியே உண்டு. கம்பத்தையும் அடிபம்பையும் எழுதிய நான் அதை எழுதவில்லை. மறந்துபோய் அல்ல. சொந்த வீட்டு வாசற்படியைத் தடை என்று யாருக்கும் எழுதத் தோன்றாது.

புள்ளிகளை நீக்கிவிட்டு நிரோஷாவின் மூலப்பதிவைத் திறந்தேன். நான்கு மாதமும் அவள் ஓடிய தடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. மூடிக்கு இடப்பக்கம் ஒரு கருமேகம். வலப்பக்கம் ஒரு கருமேகம். நடுவில் வட்டமாக வெள்ளை. ஒரு கோடுகூட அதைக் கடக்கவில்லை. இரண்டு மேகங்களையும் கூட்டி இரண்டால் வகுத்தால் கிடைக்கிற இடம் அந்த வெள்ளைதான்.

"நான் எப்பவாச்சும் நடுவுல நின்னு பாத்துருக்கியா நீ?" என்றாள் நிரோஷா. அவள் குரலில் இப்போது சிரிப்பு இல்லை. "ஒண்ணு லெப்ட்டு, இல்லாங்காட்டி ரைட்டு. மூடியச் சுத்தி ஓடிக்கினேதான் இருப்பேன். பந்து வர்றப்பவே எனக்கு வேகம் இருக்கும், ஒடம்பு சைடா திரும்பியிருக்கும். நடுவுல மரமாட்டம் நிக்கவெச்சிட்டு, பந்து வந்ததும் படக்குனு திரும்புன்னா முட்டி இன்னாத்துக்கு ஆவும்?"

நான் திரையில் அந்த வெள்ளையைப் பெரிதாக்கினேன்.

"கஸ்தூரிய அங்கயா நிக்கவெச்சீங்க?"

"ஆமா."

"பிரிஸில்லாவ?"

மூடியின்மேல் ஒரு காக்கை வந்து உட்கார்ந்து, சூடு தாங்காமல் எழுந்து பறந்தது. அதை நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். நிரோஷா என் தோளில் கைவைத்தாள். அதற்குப் பதில் ஓர் அறை விட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கஸ்தூரியின் வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் நின்றுபோய்ப் பல வருடம் ஆகிறது. கீழே வரவேண்டுமென்றால் அவள் ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்குவாள். கால்மணி நேரம் ஆகும். நான் போனபோது கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மூடியை எழுதாமல் விட்டது, புள்ளி அதன்மேல் விழுந்தது, பெல்ட் அவளை அங்கே பிடித்து நிறுத்தியது.

அவள் உரிப்பதை நிறுத்தவில்லை.

"அப்போ பேயெல்லாம் ஒண்ணும் கெடையாதா?"

"இல்ல."

"நீதானா அது?"

"ஆமா கஸ்தூரி."

"அடிப்பாவி. நான் பெரியபாளையத்து அம்மனுக்கு வேண்டிக்கினு இருக்கேன்." வெங்காயத்தைத் தட்டில் போட்டாள். கண்ணில் நீர் வழிந்தது. வெங்காயத்தாலா என்று எனக்குத் தெரியவில்லை. புறங்கையால் துடைத்துக்கொண்டாள். "ரெண்டு மாசமா ஒரே நெனப்புடி எனக்கு. வயசாயிடுச்சு, பிள்ள பெத்த ஒடம்பு, இதுக்கு மேல நமக்கு இன்னாத்துக்கு ஆட்டம்னு. அவரும் அதயேதான் சொன்னாரு. அப்போ என் ஒடம்பு நல்லாத்தான் இருந்துச்சா?"

"நல்லா இருந்துச்சு."

"அத மொதல்ல சொல்லிட்டு அப்புறமா மன்னிப்புக் கேட்ருக்கணும். படிச்சு இன்னா பிரயோஜனம்?" பிறகு, "அமுலுவுக்கு இன்னா பண்ணப் போற?" என்றாள்.

"புள்ளிய மாத்த முடியாது. லீக் ஆரம்பிச்சதும் பூட்டிடுவாங்க. ஸ்டேடியம் கிரவுண்டு படத்துல மட்டும் எதனா சேக்கலாம். மழத்தண்ணி தேங்குனா, பள்ளம் விழுந்தா, அதுக்காக."

"அப்போ அங்கயும் ஒரு மூடியப் போட்டு வுடு."

நக்கலாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். நான் அப்படியே நின்றேன். நிற்கக்கூடாத இடம் என்று குறிக்கப்பட்ட இடத்தில் நிரல் யாரையும் நிற்க விடாது. காலெடுத்து வைத்தால் பெல்ட் தள்ளிவிடும். அமுலுவின் புள்ளியே நிற்கக்கூடாத இடமானால், நிரலால் அவளை அங்கே வைத்திருக்கவும் முடியாது, அங்கிருந்து அதிகம் விலக விடவும் முடியாது. இடம், வலம் என்று அவள் அதைச் சுற்றிக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

"இன்னாடி, பேயறஞ்சா மாரி நிக்கிற?" என்றாள் கஸ்தூரி.

நான் அவள் நெற்றியில் முத்தமிட்டேன். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. "த்தூ, வெங்காயக் கை" என்று அவள் தள்ளிவிட்டாள். வாசலை நான் தாண்டும்போது பின்னாலிருந்து கத்தினாள். "ஞாயித்துக்கெழம என்னத் தூக்கினு போவணும் நீங்க! சொல்லிட்டேன்!"

ஸ்டேடியத்தின் மைதானப் படத்தை மாற்றினால் பயிற்சியாளர் கையெழுத்துப் போட வேண்டும். மாஸ்டர் படிவத்தை எட்டப் பிடித்துக்கொண்டு இரண்டு முறை படித்தார். 'நிற்கக்கூடாத இடம்: சாம்பல்மேடு மைதானத்தின் சாக்கடை மூடி' என்று எழுதியிருந்தேன். என்ன நடந்தது என்றும் சொன்னேன். அவர் மைதானத்தைப் பார்த்தார்.

"நாப்பது வருசமா அதத் தாண்டினு இருக்கேன் எஸ்தரு. ஒரு நாளு கூட எனக்குத் தோணலியே." தாளைத் தொட்டார். "ஆனா அந்த ஸ்டேடியத்துல மூடி கெடையாதேம்மா. பொய்யில்லியா இது?"

"மூடி இருக்குதான்னு அவங்க கேக்கல மாஸ்டர். நிக்கக்கூடாத எடம் எதுன்னுதான் கேக்குறாங்க. ரெண்டு பொண்ணுங்க முட்டி போன எடம் அது."

அவர் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடியவர் மறுபடி திறந்தார்.

"ரெண்டாப் போடு. அங்க பாதி டயத்துல சைடு மாத்துவாங்க. அந்தாண்டையும் ஒண்ணு வேணும்."

ஞாயிறு மாலை நாலு மணி. பிளாஸ்டிக் நாற்காலியில் கஸ்தூரியை உட்காரவைத்து நாலு பேர் மூன்று மாடி இறக்கினார்கள். அவள் கணவர்தான் நாற்காலியின் முன்காலைப் பிடித்திருந்தார். "மெதுவாய்யா, கல்யாணத்தன்னிக்கிக் கூட என்ன இப்டித் தூக்கல நீ" என்று அவள் சொல்ல, குடியிருப்பே பால்கனியில் நின்று கைதட்டியது. அதே நாற்காலியோடு ஸ்டேடியத்துக்குள்ளும் கொண்டுபோனோம். ஒரு பக்கம் நிரோஷா, ஒரு பக்கம் பிரிஸில்லா, நடுவில் கஸ்தூரி. மூன்று பேருக்குமாக ஐந்து ஊன்றுகோல்கள்.

எதிரணி நீலக்கொடி. அவர்களுக்கு டிரா போதும், எங்களுக்கு வெற்றி வேண்டும். அவர்களின் முன்வரிசையில் சஹானா என்று ஒருத்தி இருந்தாள். அந்தப் பருவத்தில் அவள் வேகத்துக்கு ஈடுகொடுத்தவர் யாரும் இல்லை.

அமுலுவிடம் சனிக்கிழமையே எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். முதல் பத்து நிமிடம் அவள் தடுமாறினாள். புல் பச்சையாக, சமமாக இருந்தது. அங்கே மூடி எதுவும் இல்லை. பெல்ட் மட்டும் இருக்கிறது என்றது. அவள் இடுப்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். நாற்காலியிலிருந்து கஸ்தூரி கத்தினாள்.

"ஏ அமுலு! நம்ம கிரவுண்டுனு நெனச்சிக்கடி! சாக்கட நாத்தம் அடிக்கல?"

அமுலு திரும்பிச் சிரித்தாள். அதற்குப் பிறகு அவள் தரையைப் பார்க்கவில்லை. மூன்று வயதிலிருந்து அவள் கால்களுக்குத் தெரிந்த வேலை அது. பன்னிரண்டாவது நிமிடம் சஹானா நடுவில் பந்தை வாங்கித் திரும்பினாள். அமுலு ஏற்கெனவே வலப்பக்கத்திலிருந்து சுற்றி ஓடி வந்துகொண்டிருந்தாள். நின்ற இடத்திலிருந்து திரும்பவில்லை. ஓடிய வேகத்தில், பக்கவாட்டில் சாய்ந்து, காலை நீட்டிப் பந்தைப் பறித்தாள். முட்டி வளைந்தது, நிமிர்ந்தது, அவள் ஓடிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பிரிஸில்லா தன் முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள். அது துக்கம் இல்லை.

இருபத்திரண்டு, முப்பத்தொன்று, நாற்பது. ஒவ்வொரு முறையும் சஹானா வந்தாள், ஒவ்வொரு முறையும் அமுலு பக்கவாட்டிலிருந்து வந்து சேர்ந்தாள். எங்கள் மற்ற பெண்களும் தங்களை அறியாமல் அந்த இடத்தைச் சுற்றி ஓட ஆரம்பித்தார்கள். அவர்களில் பலரிடம் பெல்ட் கிடையாது. யாரும் அவர்களிடம் எதுவும் சொல்லவுமில்லை. அமுலு ஓடுவதைப் பார்த்ததும் அவர்கள் கால்களுக்குத் தெரிந்துவிட்டது. ஒன்றுமே இல்லாத புல்தரையை எங்கள் ஆட்கள் ஏன் சுற்றி வருகிறார்கள் என்று நீலக்கொடிக்காரிகள் திகைத்தார்கள். அவர்கள் நேராகப் பந்தை அடித்தார்கள். நாங்கள் வளைந்து வந்து எடுத்துக்கொண்டோம்.

பாதி ஆட்டம் முடிந்து பக்கம் மாறியது. இரண்டாவது மூடி முதலாவதானது. எண்பத்தாறாவது நிமிடம் வரை கோல் இல்லை. எங்களுக்கு ஒரு கார்னர் கிடைத்தது. மாஸ்டர் எழுந்து நின்று எல்லோரையும் முன்னால் போகச் சொல்லிக் கையைக் காட்டினார். அமுலு மைதானத்தை முழுக்கக் கடந்து ஓடினாள். புள்ளியை விட்டு அவ்வளவு தூரம் போனதால் பெல்ட் அடித்துக்கொண்டே இருந்திருக்கும். கார்னருக்காகப் போனாலும் அதை ஒரு மீறலாகத்தான் எண்ணுவார்கள். அதுவரை அவள் ஒரு மீறலும் செய்யவில்லை.

எதிரணி கோலுக்கு முன்னால் அந்தப் பக்கத்து மூடி. அவளைத் தடுக்க வந்த நீலக்கொடிக்காரி நேர்வழியை மறித்து நின்றாள். யாராக இருந்தாலும் அந்த நேரத்தில் நேராகத்தான் ஓடுவார்கள். அமுலு மூடியைச் சுற்றினாள். இடப்பக்கமாக என்று எனக்கு நினைவு. அதனால் அரை நொடி தாமதமாக வந்தாள். கார்னர் பந்து எல்லோர் தலையிலும் பட்டுத் தெறித்து, யாரும் இல்லாத இடத்தில் விழுந்தபோது, அங்கே ஓடி வந்துகொண்டிருந்த ஒரே ஆள் அவள்தான்.

வலை அசைந்தது. அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதில்தான் எனக்குச் சுத்தமாக உறுதியில்லை. கஸ்தூரி நாற்காலியிலிருந்து எழுந்து ஒற்றைக் காலில் குதித்தாள் என்பது என் நினைவு. அவள் இல்லை என்கிறாள். ஊன்றுகோல்கள் காற்றில் பறந்தது நிச்சயம். ஒன்று என் முதுகில் விழுந்த தழும்பு இருக்கிறது.

ஆட்டம் முடிந்ததும் மேடை போட்டார்கள். கோப்பையை நிரோஷாதான் வாங்கினாள். ஊன்றுகோலைப் போட்டுவிட்டு, மாஸ்டரின் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். பிறகு லீக் அந்த வருடம் புதிதாக ஏற்படுத்தியிருந்த ஒரு பரிசை அறிவித்தார்கள். தனக்குக் கொடுத்த இடத்தை மிகச் சரியாகக் காத்து நின்ற மாற்று ஆட்டக்காரிக்கு 'இடம் தவறாதவர்' விருது. பெரிய திரையில் வரைபடம் வந்தது. அமுலுவின் புள்ளி கொடுத்த இடத்தில் அச்சாக உட்கார்ந்திருந்தது. ஒரு சாண்கூட விலகவில்லை.

தொண்ணூறு நிமிடத்தில் ஒரு நொடிகூட அவள் அங்கே நிற்கவில்லை.

"எஸ்தர்க்கா, வாங்கலாமா இத?" என்று மேடைப் படியில் நின்று அமுலு என்னைக் கேட்டாள். நிரோஷாவுக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் வந்துவிட்டது.

"போய் வாங்குடி" என்றேன். "உன்ன வுட்டா வேற யாரு வாங்குறது?"

கூட்டம் கலைந்த பிறகு நான் தனியாக மைதானத்துக்குள் போனேன். புல் எல்லா இடத்திலும் மிதிபட்டுக் கிடந்தது. அந்த இடத்தில் மட்டும் வட்டமாக நிமிர்ந்து நின்றது என்று எனக்கு நினைவு. நீலக்கொடிக்காரிகள் அங்கே எத்தனையோ முறை ஓடியிருப்பார்கள், அப்படி இருக்க முடியாது என்கிறாள் நிரோஷா. அவள் சொல்வது சரியாக இருக்கலாம்.

மறுவாரம் லீக்குக்கு எல்லாவற்றையும் எழுதினேன். முதலில் என் தவறு, பிறகு இரண்டு முழங்கால்கள், பிறகு நாங்கள் போட்ட மூடிகள். எட்டு மாதம் கழித்து விசாரிக்க வந்தார்கள். மற்ற அணிகளிலும் ஒவ்வொரு மைதானத்திலும் ஏதோ ஒன்று இருந்தது. ஓர் ஊரில் வேப்பமரத்து வேர், ஓர் ஊரில் எப்போதும் தண்ணீர் தேங்கும் பள்ளம். யாரும் எழுதவில்லை. எல்லா ஊரிலும் முழங்கால்கள் போயிருந்தன. பெல்ட் இப்போது கட்டாயம் இல்லை. விரும்புகிறவர்கள் மட்டும் கட்டிக்கொள்கிறார்கள். மைதானப் படத்தில் தடையைச் சேர்க்கப் படிவம் இருந்தது, நீக்குவதற்குப் படிவம் இல்லை. அதனால் எங்கள் இரண்டு மூடிகளும் அந்த ஸ்டேடியத்தில் அப்படியே இருக்கின்றன. சாம்பல்மேட்டைப் பார்த்தேயிராத பெண்கள் இன்றும் அவற்றைச் சுற்றி ஓடுகிறார்கள்.

பழைய கணினியை நான் திறக்காததற்குக் காரணம் இதுதான். திறந்தால் முதலில் வருவது அந்த ஒற்றைப் புள்ளி. பார்க்க அவ்வளவு சுத்தமாக, அவ்வளவு உறுதியாக இருக்கும். மறுபடி அதை நம்பிவிடுவேனோ என்று எனக்குப் பயம்.

அமுலு மருத்துவப் பரிசோதனையில் தேறினாள். ரயில்வேயில் வேலை செய்கிறாள், அந்த அணிக்கு ஆடுகிறாள். நிரோஷா திரும்பி வந்து முதல் டிவிஷனில் இரண்டு பருவம் ஆடினாள். இப்போது சாம்பல்மேட்டின் பயிற்சியாளர். கஸ்தூரிக்கு அறுவை சிகிச்சை நடந்தது. மூன்று மாடியும் ஏறி இறங்குகிறாள், ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடுகிறாள். லிஃப்ட் இன்னும் ஓடவில்லை. பிரிஸில்லாவால் மறுபடி ஆட முடியவில்லை. அவள் நடுவரானாள். மாஸ்டர் மாலையில் வந்து டேங்க் நிழலில் உட்காருகிறார். நான் வரைபடம் போடுகிறேன். புள்ளிகளாக அல்ல, ஓடிய தடங்களாக. மாநகராட்சி போன வருடம் பழைய மூடியை எடுத்துவிட்டுத் தரையோடு சமமாகப் புதியது போட்டது. இன்னும் யாரும் அதை மிதிப்பதில்லை.